முன்வரிசைக் கைதட்டல்

இதை எழுதக் கூசுகிறது. எழுதாவிட்டால் அதைவிடக் கூசும்.

புலம்பெயர்ந்து வந்து வாழும் மனோர் பார்க்கில் எங்கள் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஏதாவது பேசுவோம். ஆள் அகப்படாவிட்டால் என்னைப் பிடிப்பார்கள். நான் கட்டட வரைபடம் வரைகிறவன், வாயும் கொஞ்சம் நீளம். அந்த முறை ஒட்டோமான் கட்டடக்கலை என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் படம் கேட்டுப் போனேன்.

அவர் ஒட்டோமான் துருக்கியர் ஒரு காலத்தில் ஆண்ட பொஸ்னியா நாட்டு முஸ்லிம். என்னைப் போலவே போருக்குத் தப்பி வந்து, இங்கே பஸ் ஓட்டுகிறார். படம் கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. துணியில் சுற்றிய பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து வந்தார். ஆற்றின் மேல் கல்பாலம், அதன் அருகே ஈயத்தகடு வேய்ந்த குவிமாடம், பென்சில் போல ஒரு மினாரா. "எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கூட்டத்துக்கும் வந்தார். ஒரு சொல் தமிழ் தெரியாதவர், மடிப்புக் கலையாத சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஓர் ஊரைப் பிடித்ததும் ஒட்டோமான்கள் பள்ளிவாசல் கட்டுவார்கள், அதைச் சுற்றிக் குளியல் மண்டபம், சந்தை, சத்திரம் எல்லாம் வரும், ஊரே மெல்ல அந்தக் குவிமாடத்தைச் சுற்றி வளரும் என்று விளக்கினேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் போருக்குப் பிறகு வென்றவர்கள் எழுப்பிய புத்த விகாரைகள் நினைவுக்கு வந்தன. பேச்சு கண்மண் தெரியாமல் ஏறிவிட்டது. அவருடைய படத்தையே திரையில் போட்டு, "இது கும்பிடுகிற இடமில்லை, வென்றவன் குத்திய முத்திரை. இப்படியானவற்றைப் பிடுங்கி எறிந்தால்தான் ஒரு மண் விடுபடும்" என்றேன்.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். "சரியாச் சொன்னியள் அண்ணை, இப்பிடிக் கட்டுறதைத்தான் எங்கட பக்கமும் செய்யினம்" என்று பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார். திரையில் தன் ஊரைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரரும் முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

தேநீர் நேரம் என்னிடம் வந்து, "அப்படி என்ன சொன்னீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அழகான பள்ளிவாசல் என்றேன்." பொய் தயங்காமல் வந்தது.

"துருக்கியன் கட்டினான், போய்விட்டான். பிறகு அதைக் கூட்டிக் கழுவியது நாங்கள்தான். வெள்ளிக்கிழமைகளில் படி கழுவுவது என் அப்பா."

"இப்போதும் இருக்கிறதா?" படத்தை வாங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இல்லை. போரில் எங்களைத் துரத்தியவர்கள் வெடி வைத்துவிட்டார்கள். துருக்கியன் நட்டதைப் பிடுங்குகிறோம் என்றார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"அது விழுந்தபோதும் ஆட்கள் நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தம் இத்தனை வருடமாகக் காதில் கிடந்தது. இன்றைக்குத்தான் அதற்கு ஒரு நல்ல கைதட்டல் கேட்டேன்" என்று கையைக் குலுக்கினார்.

நானும் குலுக்கினேன். உண்மையை இன்றுவரை சொல்லவில்லை.