மருதாத்தாள் பூட்டிய காளைகள்

கணவன் இறந்தபின் தானே ஏர் பிடித்தவள் மருதாத்தாள். எருத்தேன்பதியில் அவள் வாய்க்கு அஞ்சாதவர் இல்லை.

மன்னர் மானியம் நின்றுபோன மறுவருடம், ஐப்பசி மழையில், ஒரு பழைய ராஜாவின் சீமைக் கார் அவள் தோட்டத்தருகே கரிசல் சேற்றில் புதைந்தது. ராஜா வெல்வெட் மெத்தையைவிட்டு அசையவில்லை. காரியஸ்தர்தான் ஓடிவந்து காளைகளைக் கேட்டார்.

"பூட்டறனுங்க. உள்ள இருக்கறவரு எறங்கோணும்."

"தம்புரான் சேத்துல கால் வைக்கறதா?"

"மாட்டிக்கிட்ட வண்டியில ஆளை உக்கார வெச்சு மாட்டை அடிக்கற பழக்கம் எங்கூர்ல இல்லீங்க. கல்யாண வண்டின்னாலும் பொண்ணு மாப்பள எறங்கித்தான் நிப்பாங்க."

கயிற்றைப் பிடித்தபடி மழையிலேயே நின்றாள். கடைசியில் கதவு திறந்தது. ஜரிகைச் செருப்பு சேற்றில் அமிழ்ந்தது. காளைகள் ஒரே மூச்சில் காரை மேட்டுக்கு இழுத்தன.

மனம் குளிர்ந்த ராஜா, தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து நீட்டினார். குனிந்து வாங்குவதுதான் அரண்மனை வழக்கம். மருதாத்தாள் குனியவில்லை.

"இழுத்தது நானில்லீங்க. போத்தறதுன்னா இதுகளுக்குப் போத்துங்க."

"மாட்டுக்கா சால்வை?" காரியஸ்தர் பதறினார்.

"ஏனுங்க, உக்காந்து வந்தவரே இத்தன நாளாப் போத்தியிருந்தாரு. இழுத்தது போத்தக் கூடாதுங்களா?"