வியாழக்கிழமைக் கோப்புகள்

கெர்னலைப் புதிதாகக் கட்டும்போது அது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கும். இந்த வசதி வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று கேட்கக் கேட்க, ஆம், இல்லை என்று ஓர் எழுத்தைத் தட்டிக்கொண்டே போகவேண்டும். கணினிக்குள் இருந்து எல்லாவற்றையும் நடத்துகிற மூல நிரல் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஒரு நாள் காலை அப்படித் தட்டிக்கொண்டு போகையில், கோப்புகளைச் சேமித்து வைப்பதற்கான ஒரு புதிய டிரைவரின், அதாவது துணை நிரலின், பெயர் வந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சோதனை நிலையில் உள்ளது’ என்று இருந்தது. இழக்க முடியாத எதையும் இதில் வைக்காதீர்கள் என்று அதை எழுதியவரே கீழே குறிப்பும் போட்டிருந்தார். நான் ஆம் என்று தட்டப்போனேன். முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த, தொழிற்சாலையில் அந்தக் கணினியோடு வேலை பார்க்கிற அக்கா, “இன்னா தம்பி, பொட்டி இன்னா கேக்குது?” என்றார். “பரவாயில்லையான்னு கேக்குதுக்கா” என்றேன். “பரவால்லன்னு சொல்லு. எனக்கு லைன் நிக்குது” என்றார். தட்டினேன்.

ஒரகடத்தில் லாரிகளுக்கு பிரேக் வால்வு செய்கிற ஒரு தொழிற்சாலையில் அப்போது நான் கணினிப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் மேலாளர் ஒருவர், நான் ஒருவன், அவ்வளவுதான். அக்கா கசிவு சோதனை மேசையில் இருந்தார். வால்வை மாட்டிக் காற்றை ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கிற வேலை. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. சோதனை முடிந்ததும் அந்த எண்ணின் பெயரிலேயே ஒரு கோப்பு பதிவாகும். அந்த வால்வு என்றைக்காவது எந்த மலைப்பாதையிலாவது காலை வாரிவிட்டால், முதலில் தேடுவது அந்தக் கோப்பைத்தான்.

அக்கா வல்லம் வடகால் பக்கத்துக்காரர். ஒப்பந்தக்காரர் மூலமாக வந்து ஆறு வருடமாக அதே மேசையில் நின்றவர். பெண்களுக்கு முதல் ஷிஃப்ட் மட்டும்தான் என்பதால், காலையில் அந்த மேசை எப்போதும் அவருடையது. நல்லவர் என்று சொல்வேனே தவிர, சாது என்று சொல்லமாட்டேன். வாய் நீளம். சோதிக்காத வால்வை யாராவது அவசரத்துக்கு நகர்த்தினால் புறங்கையில் ஒரு தட்டு விழும், அது சூப்பர்வைசராக இருந்தாலும் சரி. “எங்க மாமனாரு கத்திரிக்கா போட்ட எடத்துல தான் உன் சர்வர் ரூமு கீது. அந்த ஏசியில எனக்கும் பங்கு வுடு” என்று என்னைச் சீண்டுவார். வியாழக்கிழமைதோறும் விரதம். மதியம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அந்த வருடம் ஒப்பந்தத் தொழிலாளர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்றும், பட்டியலில் அக்கா பெயர் இருக்கிறது என்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பர்மனென்ட் ஆனதும் மகளை நர்சிங்கில் சேர்ப்பதாக வீட்டில் பேச்சும் முடிந்துவிட்டிருந்தது.

மேசையில் இருந்தது ஓர் அரதப் பழசான கணினி. வன்தட்டு கிடையாது, கட்டைவிரல் நகமளவு மெமரி கார்டுதான். ஒரு கோப்பை எழுதி முடிக்க நாலைந்து விநாடி பிடிக்கும், அதுவரை அடுத்த வால்வு காத்திருக்கவேண்டும். அந்த விநாடிகளுக்காக அக்காவிடம் நான் வாங்காத பேச்சு இல்லை. புதிய கணினிக்குப் போட்ட விண்ணப்பம் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இந்த டிரைவரைப் பற்றிப் படித்தேன். இத்தகைய கார்டுகளுக்கென்றே எழுதப்பட்டது, கண் சிமிட்டும் நேரத்தில் வேலை முடியும் என்றார்கள். என் மேசையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு தரம் மின்சாரத்தைப் பிடுங்கியும் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மேலாளரிடம் சொன்னேன். “ஓடுதா? அப்ப ஓடட்டும்” என்றார். எழுத்தில் எதுவும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இருபத்தாறு வயது. உலகத்தில் சிலரே தொட்டிருக்கும் ஒன்றை ஒரகடத்தில் நான் ஓட்டுகிறேன் என்ற திமிரும் எனக்கு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வேகம் வந்தது. லைன் நிற்கவில்லை. அக்கா மறுநாள் ஒரு பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு சூட்சுமம் இருந்தது. ‘எழுதிவிட்டேன்’ என்று டிரைவர் உடனே சொல்லிவிடும், கோப்பின் பெயரையும் பதிந்துவிடும், உள்ளடக்கத்தை மட்டும் அரை நிமிடம் கழித்துத்தான் கார்டில் இறக்கும். அந்த அரை நிமிடத்துக்குள் மின்சாரம் போனால், பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பதினோரு மணிக்கு ஜெனரேட்டரை ஓட்டிச் சரிபார்ப்பார்கள். மாறும் சில விநாடிகளுக்கு மின்சாரம் இராது. மேசைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ். அதைத் தாங்கவேண்டும். அதன் பாட்டரி செத்துப்போயிருந்தது. கணினி அணைந்து தானே மறுபடி எரியும், அக்கா அடுத்த வால்வை மாட்டுவார். பழைய முறையில் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு வால்வு கசிகிறது என்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. வண்டியில் மாட்டும்போது ரப்பர் வளையம் நசுங்கியதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அது தெரிந்தபோது யாருக்கும் அதில் அக்கறை இல்லை. அந்த வால்வின் கோப்பைத் திறந்தார்கள், வெறுமையாக இருந்தது. தேடியதில் அதே மாதிரி பதினெட்டு கோப்புகள். சோதனை மேசையில் பைபாஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வால்வு சோதிக்கப்படாமலே வெளியேறும், பெயர் மட்டும் உள்ள வெற்றுக் கோப்பு ஒன்று பதிவாகும். எண்ணிக்கை குறைகிற நாளில் பல லைன்களில் நடக்கிற தில்லுமுல்லுதான். பதினெட்டும் முதல் ஷிஃப்ட். பதினெட்டும் வியாழக்கிழமை, தேநீர் இடைவேளை முடிந்த கையோடு, பதினோரு மணிக்கு. தர மேலாளர் பட்டியலை ஒருமுறை பார்த்தார். “வெரதம் இருந்துட்டு வந்து நிக்க முடியாம அமுக்கி அமுக்கி வுட்டிருக்காங்க” என்றார். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு மட்டும் பதினோரு மணி என்பதைப் பார்த்ததும் ஜெனரேட்டர் நினைவுக்கு வந்தது.

என் மேலாளரிடம் ஓடினேன். கதவைச் சாத்தச் சொன்னார். “இத வெளிய சொன்னா பதினெட்டு இல்லப்பா, நாலு மாச ரெக்கார்டும் செல்லாதுன்னுடுவான். கஸ்டமர் போயிடுவான். நீயும் போவ, நானும் போவேன். ஒருத்தரோட முடியட்டும், விடு” என்றார். நான் வாதாடினேன் என்று எழுத ஆசைதான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அக்கா அழவில்லை, கத்தினார். “ஜெனரேட்டர் போடச்சொல்லோ பொட்டி அணைஞ்சி அணைஞ்சி எரியுது. அதுல தான் போயிருக்கும். தம்பிய கேளுங்க, அதுக்குத் தெரியும்” என்றார். என்னைக் கேட்டார்கள். மின்சாரம் போனால் கோப்பு இப்படி ஆகுமா? நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: “மேசைக்கு யூ.பி.எஸ். இருக்கு சார். பைபாஸ் அழுத்தினாதான் காலியா பதிவாகும்னு மென்பொருள் கையேட்டுல இருக்கு.” இரண்டு வாக்கியம். இரண்டிலும் ஓர் எழுத்து பொய் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அப்போது கோபம்கூட இல்லை, குழப்பம்தான் இருந்தது. அன்று மாலையே அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் நிரந்தரப் பட்டியல் வந்தது, அவர் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் இருந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அதற்கடுத்து நான் செய்ததுதான் எனக்கே இன்றுவரை விளங்காதது. அக்காவை அனுப்பிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூரில் என் அறையில் உட்கார்ந்து, உதிரிக் கார்டு ஒன்றில் அதே டிரைவரைப் போட்டு, நாற்பது தடவை மின்சாரத்தைப் பிடுங்கினேன். எந்த விநாடியில் பிடுங்கினால் கோப்பு வெறுமையாகிறது என்று கண்டுபிடித்தேன். அதை எழுதிய, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். எந்தச் சூழலில் ஓட்டினேன், என்ன எச்சரிக்கையை மீறினேன், எத்தனை கோப்பு போயிற்று, என் சோதனை எவ்வளவு போதாதது என்று ஒன்று விடாமல். தொழிற்சாலையின் பெயரை மட்டும் எழுதவில்லை. உலகமே படிக்கக்கூடிய இடத்தில் அது பதிவாயிற்று. அவர் நன்றி சொன்னார். சில வாரத்தில் பிழையைத் திருத்தி, இதைக் கண்டு சொன்னவர் என்று என் பெயரையும் அந்தத் திருத்தத்தோடு சேர்த்தார். கெர்னலின் வரலாற்றில் என் பெயர் அழியாமல் இருக்கிறது. அடுத்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “சொந்தத் தப்பை இவ்வளவு நேர்மையா எழுதறவங்க குறைவு” என்றார்கள். சம்பளம் இரட்டிப்பானது. நான் மறுத்துப் பேசவில்லை.

ஏழு வருடம் கழித்து, சென்ற மாதம், வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலைக்கு வேலையாகப் போயிருந்தேன். மதியம் அவர்கள் கேன்டீனில் தட்டேந்தி நின்றபோது, சோறு போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார். தலையில் வலைத்தொப்பி, முன்நெற்றியில் நரை. “தம்பி, நீ தானே?” என்றார். அக்காதான். அவரே பேசினார். மகள் நர்சிங் படிக்கவில்லை, ஒரு செல்போன் கம்பெனி லைனில் நிற்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத தம்பி. அன்னிக்கி அத்தினி பேர் எதிர்ல உன்ன இழுத்து வுட்டுட்டேன். நீயே கரண்டால இல்லன்னு சொன்னப்புறம் வூட்ல வந்து யோசிச்சிப் பாத்தேன். வெரத மயக்கத்துல நான் தான் அமுக்கியிருப்பேன் போல. அதோட வியாழக்கெழம வெரதத்த வுட்டுட்டேன்” என்றார்.

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். மன்னிப்புக் கேட்டதைத்தான் தாங்கமுடியவில்லை. சொல்லிவிட்டேன். அங்கேயே, தட்டைப் பிடித்தபடி, நாலைந்து வாக்கியத்தில். பொத்தானை நீங்கள் அழுத்தவே இல்லை, நான் போட்ட டிரைவரால்தான் கோப்பு போயிற்று என்று.

“அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

“யார் கிட்டனா சொன்னியா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. “சொன்னேன்க்கா, எழுதியே வெச்சிருக்கேன்” என்று அவசரமாக போனை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பத்தாவது வரை படித்தவர், ஆறு வருடம் வரிசை எண் படித்த கண். விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். அடியில் என் பெயர் வந்ததும் நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இது உன் பேரு.”

“ஆமாக்கா.”

மறுபடி மேலே தள்ளி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இன்னொரு முறை தேடினார்.

“என் பேரு எங்க கீது?”

“இல்லக்கா” என்றேன். அவர் போனில் பட்டிருந்த சோற்றுப் பருக்கையைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரின் தட்டுக்குக் கை நீட்டினார்.