இட்லிப்பூவை வெட்டிய பதினொரு மாதம்

என் மனைவி இறந்து பதினொரு மாதங்கள் ஆனபோது, பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்கள் பூக்களைத் திருடுகிறார் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

ஆதாரங்கள் இருந்தன. மலேசியாவின் செனாயில் எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே கம்பிவேலியோரம் மனைவி வளர்த்த இட்லிப்பூச் செடி, அவள் இருந்தவரை ஓயாமல் பூத்தது. காலையில் அவள் பறித்துவரும் சிவப்புக் கொத்துகள் சாமிப் படத்தின்முன் இருக்கும். அவள் போனபின் என் பக்கத்தில் ஒரு கொத்துகூட இல்லை. அந்த அம்மாளின் வாசலிலிருந்த சிறிய சாமி மேடையிலோ தினமும் புதிய கொத்துகள். தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். நான் எழுவதற்கு முன்பே வீடு திரும்பிவிடுவார்.

செடியைப் பேணுவதில் நான் குறைவைக்கவில்லை. மனைவி அதை வெட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் குறையையும் தீர்க்கப் பெரிய கத்தரி ஒன்று வாங்கி, இரண்டு வாரத்துக்கொருமுறை, நூல்பிடித்தாற்போல் மட்டமாக வெட்டினேன். முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவனுக்கு ஒழுங்கீனத்தைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

முதலாண்டுத் திதிக்கு மூன்று வாரங்களே இருந்தன. அவள் படத்துக்கு அவள் செடியின் பூவையே வைக்க எண்ணியிருந்தேன். விடியலில் சன்னல் திரைக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள், அந்த அம்மாள் கையில் பூவோடு வேலியருகே நிற்பதைக் கண்டு வெளியே போனேன்.

“அந்தப் பூவ எங்க பறிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“அலமாக், என்ன சார் இது! மூணு நாளா திரைக்குப் பின்னால நின்னு என்னையா பாத்தீங்க? உங்களுக்குத்தான் தூக்கம் வரலையோன்னு நான் கவலப்பட்டேன்.”

நான் அவர் கையிலிருந்த கொத்தையே பார்த்தேன்.

“உங்க பக்கம் பூ எங்க சார் இருக்கு, திருடறதுக்கு? மாசத்துக்கு ரெண்டு தடவ செடிக்கு மொட்ட போடுறீங்க. பத்துமலை முருகனுக்கு வேண்டுதலா? இது என் பக்கம் சாஞ்சது. உங்க கத்தரிக்கு எட்டல, அதான் பூக்குது.”

வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கக் கிளைகளின் நுனிகளில் மொட்டுகள் திரண்டிருந்தன. என் பக்கத்து நுனிகளை, மொட்டு வைக்குமுன்பே, நானே தவறாமல் நறுக்கித் தள்ளியிருந்தேன்.

“இனிமே வெட்டாம விட்டா?”

“ரெண்டு மாசமாவது ஆகும் சார்.”

“திதி மூணு வாரத்துல.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. “என் பக்கம் வந்து பறிச்சுக்குங்க. அதுவரைக்கும் நான் தொடமாட்டேன்.”

அதையும் நான் நம்பவில்லை. திதிவரை தினமும் சன்னலருகே போய்ப் பார்த்தேன். அவருடைய சாமி மேடையில் கடையில் வாங்கிய சாமந்திதான் இருந்தது.

திதியன்று காலை தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். முதல் கொத்தின் காம்பை மட்டும் கிள்ளினேன்.

“அப்படி இல்ல சார். கீழ ரெண்டு இலையோட சேத்து எடுங்க. அதுக்கு அடுத்த கணுவுக்குச் சரியா மேல. அங்கேருந்துதான் புதுக்கிள வெடிக்கும், அதுலதான் பூ வரும். அக்கா தினம் அப்படித்தான் பறிப்பாங்க. தனியா வெட்டினதே இல்ல.”

அத்தனை ஆண்டுகளும், அவள் பூப் பறிக்கிறாள் என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன்.

அவர் காட்டியபடி கிள்ளினேன். தட்டு பாதி நிறைந்ததும் நிறுத்தினேன்.

“இன்னும் இருக்கு சார், எடுங்க லா.”

“அது உங்க சாமிக்கு,” என்றேன்.