சிவப்பில் அடித்த அசைகள்

மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. அந்த டைப்ரைட்டர் ரிப்பனை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். எங்கள் மேலாளருக்கு ஆங்கிலம் எழுத வரும், பேச வராது. நீளமான சொல் வந்தால் தடுக்கி விழுவார். அதனால் அவருடைய மேடைப் பேச்சுகளைத் தனி விதமாக அடித்துக் கொடுப்பேன். நீளச் சொற்களை அசை அசையாகக் கோடு போட்டுப் பிரித்து, அழுத்திச் சொல்லவேண்டிய அசையை மட்டும் சிவப்பில் அடிக்கவேண்டும். ‘ஹாஸ்பிடாலிட்டி’ என்றால் ‘டா’ மட்டும் சிவக்கும். அகராதியைப் புரட்டி நானே கண்டுபிடித்த வழி அது. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மூன்று வருடம் இப்படி அடித்தேன். நிரந்தர வேலைக்கு இடம் வந்தபோது மேலாளர் அதைத் தன் மைத்துனர் மகளுக்குக் கொடுத்துவிட்டார். கேட்கப் போன என்னிடம், எல்லோர் முன்னாலும், “முத்தாபுதுப்பேட்டையில உங்கம்மா வெயில்ல நாத்து நட்டாங்க. நீ ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்க. இது போதாதாம்மா?” என்று சிரித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்தார்கள். வரவேற்புரையில் பதினோரு நீளச் சொற்கள். பதினொன்றிலும் சிவப்பை ஓர் அசை தள்ளிப் போட்டேன். மனிதர் முழங்கினார். விருந்தினர்கள் முதலில் காதைத் தீட்டிக்கொண்டார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கேன்டீனில் ஒரு ஃபிட்டர், “இன்னா மாமே, மேனேஜர் இங்கிலீசு பள்ளத்துல வண்டி உட்ட மாதிரி கீது” என்றார்.

மறுநாள் மேலாளர் என்னை அழைத்துக் கதவைச் சாத்தினார். அந்தத் தாள் மேசையில் கிடந்தது. எனக்கு மெமோ கொடுத்தால் காரணம் எழுதவேண்டும். எழுதினால் அவர் குட்டு வெளிப்பட்டுவிடும். “என்னம்மா வேணும் உனக்கு?” என்றார், மெதுவாக.

“பர்மனென்ட் ஆர்டர் சார்.”

பத்தே நாளில் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு ஆறவில்லை.

அதன்பிறகு அவர் மேடைகளில் தமிழிலேயே பேசினார். அவர் ஓய்வுபெறும் விழாவுக்குத் தலைமை அலுவலகத்தார் வந்ததால் ஆங்கிலம் தேவைப்பட்டது. வேறு வழியில்லாமல் என்னிடமே வந்தார். இந்த முறை ஒரு சிவப்பும் தப்பாமல் அடித்தேன். அகராதியில் இரண்டு தடவை சரிபார்த்தேன். அவர் என்னை நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். மேடையேறி, நான் சிவப்பில் அடித்த அசையையெல்லாம் விழுங்கிவிட்டு, பக்கத்து அசையைப் பிடித்து அழுத்தினார். அவர் மனைவி, பிள்ளைகள், அதிகாரிகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாகக் கை தட்டினேன்.