துறையில் திரும்பிப் பார்த்தவள்

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற தமிழரசியைப் பற்றி, பர்மாவில் இந்தத் தாமுவேப் பேட்டை முழுக்க ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். கோவிலில் பேசுகிறார்கள், காய்கறி வாங்குகிற இடத்தில் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் ஒருத்தர்கூட அன்றைக்கு ஆற்றுத் துறையில் இல்லை. நான் இருந்தேன்.

அவளுக்கு இருபது வயது. கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். ஆள் குட்டை, குரல் பெரிசு. தமிழ் நன்றாகவே பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் பர்மியில்தான் வரும். அப்பா குழந்தைவேலு துறைமுகத்தில் கிளார்க். அண்ணன் கார்த்திகேசனுக்கு செல்போன் கடையில் வேலை. அம்மா வேலம்மாவும் நானும் ஒரே மாடிப்படியில் இருபது வருஷமாகச் சண்டை போட்டுச் சேர்ந்துகொண்டவர்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்று மீட்புக் குழுவில் பயிற்சிக்குப் போனார்கள். படகு கவிழ்ந்தால், யாராவது தண்ணீரில் விழுந்தால், ஓடிப்போய் உதவுகிற தொண்டர்கள். சம்பளம் கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை கொடுப்பார்கள். தமிழரசியும் சேர்ந்தாள்.

அங்கே அவளுக்குக் கொடுத்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆற்றில் ஒரு தேங்காயை எறிவார்கள். அவள் கரையில் நின்று அதைக் கையால் சுட்டிக்கொண்டே இருக்க வேண்டும். படகு போய் அதை எடுக்கிறவரை கண்ணையும் எடுக்கக் கூடாது, கையையும் இறக்கக் கூடாது. அந்த ஆறு சேற்றுத் தண்ணீர். விழுந்தவன் ஒருமுறை முங்கினால் படகில் இருக்கிறவனுக்கு இடம் தெரியாது. கரையில் நிற்கிறவள் கை எங்கே காட்டுகிறதோ அங்கே படகு போகும். தண்ணீரில் குதிக்கக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். குதித்தால் ஒரு பிணம் இரண்டாகும்.

"தேங்காயக் காட்டுறதுக்காடி உன்ன காலேஜுக்கு அனுப்புனேன்?" என்பாள் வேலம்மா.

"கை வலிக்குதும்மா. தைலம் தேச்சு விடேன்."

"தேங்காயே வந்து தேச்சு விடும், போ."

குழந்தைவேலுதான் சிரிப்பார். "வுடு வேலம்மா. நம்ம வூட்டுல ஒரு தேங்கா இன்ஸ்பெக்டர் இருந்துட்டுப் போகட்டும்."

அந்த மனுஷன் போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், டாக்ஸியிலேயே.

எரித்த மறுநாள் சாம்பலைக் கரைக்க ஆற்றங்கரைக்குப் போனோம். சரக்குப் படகுகள் ஒதுங்குகிற சின்னத் துறை அது. காரியத்தை நடத்தியவர் வேலம்மாவின் அண்ணன் பிரேம்நாத். பொம்பளைகள் வரக்கூடாது என்றார். அப்பாவைக் கரைக்க நான் வருவேன் என்று தமிழரசி நின்றாள். அவள் வந்ததால் வேலம்மாவும் வந்தாள், வேலம்மாவைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன்.

கடல் வற்றி ஆற்றுத் தண்ணீர் இறங்குகிற நேரம். படிக்குக் கீழே சேறு. கார்த்திகேசன் வேட்டியோடு, மேலே ஒன்றும் இல்லாமல், சாம்பல் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீச்சல் தெரியாதவன். தமிழரசி பையிலிருந்து ஆரஞ்சுச் சட்டையை எடுத்தாள்.

"மாமா, இத போட்டுக்கிட்டு எறங்கட்டும். தண்ணி எறங்குது, இழுக்கும்."

"காரியம் பண்ற ஒடம்புல பிளாஸ்டிக்க மாட்டுவியா?"

"அப்ப இடுப்புல ஒரு கயிறாவது கட்டி வுடுறேன்."

"கயிறு கட்டுறது பொணத்துக்குடி."

கார்த்திகேசனே, "யாபாதே தமிழு, வுடு. இடுப்பளவுதானே," என்றான். பரவாயில்லையாம்.

பிரேம்நாத் எல்லோருக்கும் ஒரு தடவை சொன்னார். சட்டியைத் தலைக்குப் பின்னால் விட்டதும் கார்த்தி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வருவான். நாமெல்லாம் முன்னால் படியேறிவிட வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற உயிர் போகாது, பார்த்தவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். இது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "தமிழு, இது ஒண்ணாச்சும் கேளு. ஒங்கப்பா நிம்மதியாப் போகணும்," என்றாள். தமிழரசி தலையை ஆட்டினாள்.

சட்டி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு படியேறினோம். பின்னால் ஒரு முழுக்கு. அப்புறம் இன்னொன்று. மூன்றாவதுக்குச் சத்தம் இல்லை. எனக்கும் அது உறைத்தது. பொய் சொல்லவில்லை, ஆனால் கழுத்து திரும்பவில்லை. வேலம்மா சேலை முனையை வாயில் அடைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

தமிழரசி திரும்பினாள்.

அவள் போட்ட கத்தலில்தான் மற்றவர்களும் திரும்பினோம். துறையில் ஆளில்லை. கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் கறுப்பாக ஒரு தலை தெரிந்தது, மறைந்தது. வேலம்மா ஓடினாள். நான் அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரேம்நாத் முருகா முருகா என்று கத்தினார். தமிழரசி மட்டும் கடைசிப் படியில் நின்று கையை நீட்டி, பக்கத்தில் துடுப்புப் படகோடு ஒதுங்கியிருந்த சம்பான்காரரைப் பர்மியில் கூப்பிட்டாள். அவர் துடுப்புப் போட்டுக்கொண்டே அவள் கையைப் பார்த்தார். தலை முங்கியபோதும் கை நகர்ந்துகொண்டே இருந்தது, தண்ணீர் போகிற வேகத்துக்கு. எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சம்பான்காரர் அவள் கை காட்டின இடத்தில் துடுப்பை விட்டுக் குனிந்தார், வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

கார்த்திகேசன் சேற்றுத் தண்ணீரைக் கக்கினான், மூச்சு வந்தது. வேலம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். தமிழரசியின் கை இன்னும் இறங்கவில்லை, நான்தான் பிடித்து இறக்கினேன்.

பிரேம்நாத் கேட்ட முதல் கேள்வி, "மொதல்ல திரும்புனது யாரு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அதுவே பதிலாகிவிட்டது. "ஒங்க மருமவன் உசுரோட இருக்கான்ல, அத பாருங்க," என்றேன். "ஒங்களுக்குத் தெரியாது, நீங்க சும்மா இருங்க," என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பால் திரிந்தாலும் தமிழரசிதான் காரணம். கார்த்திகேசனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு மாதம் படுத்தான். அதற்கும் அவள். "அவங்கப்பாரு வூட்டுக்குள்ளயேதான் இருக்காரு," என்று வேலம்மா என்னிடம் சொன்னாள். "அண்ணன் முங்குறான், குதிச்சாளா? வெரல நீட்டிக்கிட்டு நின்னா." குதித்திருந்தால் ரெண்டு பேரும் போயிருப்பார்கள் என்று நான் சொன்னேன். இதை நாலு தடவை சொல்லியிருக்கிறேன். வேலம்மா நல்லவள்தான். ஆனால் புருஷனை நினைக்கிறபோது அவளுக்குக் காது கேட்காது.

கார்த்திகேசன் தங்கச்சிக்குப் பரிந்து பேசுவான். "இவ திரும்பலன்னா எனக்கும் சேத்து சட்டி தூக்கியிருப்பீங்க," என்பான். அவன் இருந்தவரை வீடு எப்படியோ ஓடியது.

அப்புறம் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற சட்டத்தில் அவன் பேர் விழுந்தது. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மியாவடிப் பக்கமாகப் போய் எல்லையைத் தாண்டிவிட்டான். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான் கதை. மற்ற வீடுகளில் சட்டத்தைத் திட்டுகிறார்கள். வேலம்மா மகளைத் திட்டினாள்.

"ஒங்கப்பா ஆத்துல எடுக்க முடியாதத இப்ப எடுத்துக்கிட்டாரு. நீ பாத்ததுக்கு."

தமிழரசி காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவாள். வேலம்மா அதைத் தொடாமல் என் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். நான் போடத்தான் செய்தேன். பட்டினி போட முடியுமா?

போன வாரம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது வேலம்மாவின் போன் அடித்தது. கார்த்திகேசன். மாதக்கணக்கில் பேச்சில்லாமல் இருந்து அன்றைக்குத்தான் கூப்பிட்டான். பக்கத்தில் இருந்த எனக்கும் அவன் பேசியது கேட்டது. ஒரு கோழிப்பண்ணையில் வேலையாம். சாப்பிட்டேன் என்றான், தூங்கினேன் என்றான். அப்புறம், "தமிழு இருக்காளா? அவகிட்ட குடும்மா," என்றான்.

தமிழரசி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்திவிட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

வேலம்மா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "அவ இல்லப்பா. ஆத்துக்குப் போயிருக்கா," என்றாள்.

"வந்தா பேசச் சொல்லும்மா. மறுபடி எப்ப சிக்னல் கெடைக்குமோ."

"சரிப்பா."

போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன். "கண்ணு முன்னால நிக்கிறவள இல்லேங்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் தமிழரசி என் பின்னால் வந்தாள்.

"அத்தை, அண்ணன் என்னையக் கேட்டானா?"

"கேட்டான்."

"நான் ஆத்துப் பயிற்சிக்குப் போறத வுட்டுட்டேன்னு அவனுக்குத் தெரியாது," என்றாள்.

எனக்கும் அதுவரை தெரியாது. உள்ளே வேலம்மா இருமினாள். தமிழரசி பாதிப் பாத்திரம் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.