மாப்பிள்ளை மாற்றாமல் விட்ட ஓஸ்

எங்கள் வீட்டு வாசலில் ஜீப்பின் பானட்டைத் திறந்துவைத்து, ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு, மறுமுனையை என்ஜினுக்குள் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார் என் தங்கையின் கணவர். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல இருந்தது. பக்கத்தில் என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் வந்தால்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மெல்ல இருமினார். கிணற்று மோட்டாரைப் பத்து முறை கழற்றிப் பூட்டியவன் நான். டிராக்டர் கிளட்சை மழையில் நனைந்தபடி சரிசெய்தவன். எனக்கு நைனா ஒரு நாளும் டார்ச் பிடித்ததில்லை. மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று அதைப் பார்த்தபோது என் வயிறு எரிந்தது. அதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறோம். நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பழைய பெட்ரோல் ஜீப்பை நைனா பெற்ற பிள்ளையைப்போல வைத்திருந்தார். அந்த ஆண்டு அது நின்ற இடத்தில் உறுமுவதும் அடங்குவதுமாக இருந்தது, மேடு ஏறினால் திணறியது. சித்தூருக்கு மூன்று முறை கொண்டுபோனேன். கார்பரேட்டரைக் கழுவினார்கள், பிளக்கை மாற்றினார்கள். ஊர் எல்லைக்கு வருவதற்குள் ஒவ்வொரு முறையும் பழையபடி ஆகிவிடும். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது நைனா என்னைத் திட்டவில்லை. "வுடு, மாப்ள வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

மாப்பிள்ளைக்குத் திருப்பதியில் ஏசி, பிரிட்ஜ் பழுது பார்க்கும் வேலை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார், கார்பரேட்டரில் ஒன்றுமில்லை, ரப்பர் ஓஸ்கள்தான் போய்விட்டன என்று. என்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தைச் சின்னச் சின்னக் குழாய்கள் வழியாகப் பல இடங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குப் பெயர் வேக்குவம் ஓஸ். இருபது வருஷச் சூட்டில் அவை வெடித்துக் காற்று கசிந்துகொண்டிருந்தது. நான் மூன்று முறை சித்தூர் போனபோதும் அந்த 'ஸ்ஸ்' சத்தம் என் காதிலும் விழுந்துதான் இருக்கும். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை புது ஓஸ்களோடு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கவில்லை. ஒன்றைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, அதே இடத்தில் மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். காய்ந்து ஒட்டிக்கொண்டவற்றை இழுக்காமல் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்தார். இழுத்தால் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்துவிடுமாம். பழைய துண்டுகளை நைனா வாங்கி வாங்கித் தரையில் வரிசையாக அடுக்கினார். விரல் நடுவே மடக்கினால் அப்பளம்போல உடைந்தன. போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி நைனா அதைக் காட்டினார். "எங்க மாப்ள காதுலயே கண்டுபுடிச்சிட்டாரு" என்று தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை சொன்னார்.

மத்தியானம் அவர்கள் சாப்பிட உள்ளே போனார்கள். என் தங்கை என்னையும் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். தனியாக ஜீப்பண்டை போய் நின்றேன். மெல்லிய ஓஸ்கள் எல்லாம் கருகருவென்று புதிதாக இருந்தன. பிரேக்குக்குப் போய் மிதிக்க வலு கொடுக்கிற தடித்த ஓஸ் மட்டும் பழையது. அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதே அளவில் ஒரு புதுத் துண்டு மட்கார்டின் மேல் கிடந்தது. எடுத்துக் கையில் வைத்திருந்தேன். இரண்டு கிளிப்பைத் தளர்த்தினால் பத்து நிமிட வேலை. நான் அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கொட்டகையில் சாக்குகளுக்குப் பின்னால் போட்டேன்.

பிரேக் முழுதாகப் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. வண்டி வழியில் நாலு இடத்தில் திணறி நிற்கும், நைனா இறங்கி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், அந்த ஒரு பார்வை போதும் என்றுதான் இருந்தது. இப்படிச் சொல்லிக்கொள்வது இப்போது எனக்கே உதவுவதில்லை.

சாயங்காலம் அவர்களைத் திருப்பதியில் விட நைனா ஓட்ட, மாப்பிள்ளை முன்னால் உட்கார, தங்கை ஆறு மாதக் குழந்தையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். ஜீப் தையல் மிஷின்போலச் சீராக ஓடியது. புத்தூர் தாண்டி ஓர் இறக்கத்தில் ஆட்டுமந்தை குறுக்கே வந்திருக்கிறது. நைனா பிரேக்கை மிதித்திருக்கிறார். கல்லை மிதித்ததுபோல இருந்தது என்று பிறகு சொன்னார். ஓஸ் முழுதாக வாய் பிளந்துவிட்டிருந்தது. அவர் வண்டியைச் சாலையோர மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. தங்கைக்கு நெற்றியில் மூன்று தையல். மாப்பிள்ளை வலது கையை முன்னால் ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. சித்திரை வெயிலில், ஏசி வேலை குவிந்து கிடக்கிற சமயத்தில், இரண்டு மாதம் அவர் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஓஸ் எப்படி விட்டுப்போனது என்று மருத்துவமனையில் நைனா வேறு யாரையும் கேட்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் கேட்டார். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் மாமா பாக்காம வுட்டுட்டேன்" என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். நான் எதிர்பார்த்த அந்தப் பார்வையை நைனா மாப்பிள்ளை மேல் ஒரு கணம் வைத்தார். கண்ணால் கண்டேன். அதிலிருந்து எனக்குக் கிடைத்த சந்தோஷம் படி இறங்குவதற்குள் தீர்ந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஜீப்பை இழுத்து வந்தார்கள். மாப்பிள்ளையும் பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் கட்டுக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் தடித்த ஓஸை மாட்டினேன். சாக்குக்குப் பின்னால் இருந்த அதே துண்டைத்தான் எடுத்து வந்தேன். அவர் அதைப் பார்த்தார். கிளிப்பை இறுக்கினேன். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கட்டுக் கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அந்தப் பெரிய ஓஸ ஒனக்குன்னுதான் வுட்டேன் மச்சான். காலைல இருந்து நீ கொட்டாயண்ட நின்னுக்கினே இருந்த. எல்லாத்தையும் நானே மாத்திட்டா நல்லா இருக்காதுன்னு, புது ஓஸ வெளிய வெச்சிட்டு சாப்புட போனேன். நீ கைல எடுத்தத ஜன்னல்ல பாத்தேன். வந்து பாத்தா துண்டக் காணோம். நீ மாட்டிட்டன்னு நெனச்சிக்கினேன்."

"தெறந்து பாக்கலியா?"

"நீ செஞ்சத நான் தெறந்து பாத்தா ஒனக்கு எப்டி இருக்கும்?"

அவர் என்னை அடித்திருந்தால் எங்கள் கணக்கு அன்றே நேராகியிருக்கும். நெற்றியில் தையல் விழுந்த தன் மனைவியிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன். அந்த அழுகைக்கு அடியிலும் பொறாமைதான் இருந்தது. வேலையில் மட்டுமல்ல, இதிலும் இந்த மனிதர் என்னை முந்திவிட்டாரே என்று.

ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. போன மாதம் திருப்பதியில் மாப்பிள்ளை கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போயிருந்தோம். பந்தியில் நைனா உறவுக்காரர்களிடம் ஜீப் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். "எங்க மாப்ள எல்லா ஓஸயும் மாத்தினாரு, பெரிய ஓஸ மட்டும் மறந்துட்டாரு" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் பாயசம் ஊற்றிக்கொண்டே சிரித்தார். இந்தக் கதை இப்படியே பலமுறை சொல்லப்பட்டு நான் கேட்டதுதான். அன்று ஏனோ முடியவில்லை.

"அவர் மறக்கல நைனா. புது ஓஸ நான்தான் ஒளிச்சி வெச்சேன்" என்றேன்.

தங்கையின் கை தானாக நெற்றித் தழும்புக்குப் போனது. நைனா என்னைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையிடம், "ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவர் ஆமென்று தலையசைத்தார். நைனா சாப்பிட்ட கையோடு எழுந்து, இடது கையால் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. உண்மையைச் சொன்னது நான். ஆனாலும் அந்தக் கை அவர் தோளில்தான் இருந்தது. அது நியாயம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் தோள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.