பதினொன்றும் நாற்பத்தெட்டும்

தாம்பரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் டெஸ்ட் வந்தது. தப்பாக விடை போட்டால் அது குறிப்பு கொடுக்கும். மறுபடியும் தப்பென்றால் இன்னும் விளக்கமாக. நான்காவது குறிப்பில் விடையை ஏறக்குறைய ஊட்டியே விடும். தானாகப் போட்டதற்குத் தனி மார்க், உதவியோடு போட்டதற்குத் தனி மார்க். பரீட்சையே உதவி செய்கிறதென்றால் அதில் ஏதோ கோளாறு என்றுதான் எனக்குத் தோன்றியது.

கம்பெனி இன்டர்வியூவுக்கு யாரை அனுப்புவது என்பதற்கு முதல் மார்க் மட்டும்தான் கணக்கு. ஐம்பதுக்குப் பாதியாவது வேண்டும். மாணவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் தில்லுமுல்லு செய்வார்கள் என்று சொல்லவிடாமல் தடுத்தவள் நான்தான்.

பல்லாவரத்திலிருந்து ரயிலில் வரும் ஒரு மாணவி தானாகப் பதினொன்று வாங்கியிருந்தாள், உதவியோடு நாற்பத்தெட்டு. வேறு யாருக்கும் இவ்வளவு வித்தியாசம் இல்லை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பக்கத்து சீட்டிலிருந்து யாரோ சொல்லித்தருகிறார்கள். வகுப்பு மார்க் பட்டியலில் அவள் பெயரை அடித்து, காரணம் என்ற இடத்தில் ‘காப்பி’ என்று எழுதினேன். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று மறுநாள் அவளைத் தனியாக உட்காரவைத்து மறுபடி எழுதச் சொன்னேன். பின்னால் நின்றுகொண்டேன்.

அவள் சரியான விடையை வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு வேண்டுமென்றே தப்பானதை அழுத்தினாள்.

“தெரிஞ்சே எதுக்குத் தப்பாப் போடறே?”

“விடை தெரியும் மேடம். அது ஏன் சரின்னு தெரியாது. கரெக்டாப் போட்டா அடுத்த கேள்விக்குப் போயிடுது. தப்பாப் போட்டாத்தான் சொல்லித்தருது.”

“கிளாஸ்ல கேட்டிருக்கலாமே?”

“கேட்டேன் மேடம். நீங்க ‘நெக்ஸ்ட்’னு சொல்லிட்டுப் பக்கத்துப் பொண்ணைக் கேட்டீங்க.”

திரையில் மூன்றாவது குறிப்பு வந்திருந்தது. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் சொன்ன நாள் எனக்கு ஞாபகமே இல்லை என்பது உறுத்தியது. எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை ‘காப்பி’ என்று எழுதியதை அடித்துவிட்டு, அவள் பெயரை இன்டர்வியூ பட்டியலில் சேர்த்துத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். அவர் விரலை அவள் பெயரில் நிறுத்தினார்.

“பதினொண்ணு வாங்கினவளை எப்படி மேடம் அனுப்பறது?”

“அது என் மார்க் சார். அவளோடது நாற்பத்தெட்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண் எனக்கு என்ன உறவு என்று கேட்டார்.